பின்னால் நின்றவர்கள்

அந்த அம்மா வகுப்பறைக்குள் வரவில்லை. மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குத் துணியிலிருந்து நீர் சொட்ட, வாசலிலேயே நின்றார். தேயிலைக் கொழுந்து பறிக்கும் நேரத்தில் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார் என்றால் ஏதோ அவசரம் என்று எழுந்து போனேன். "டீச்சர், எம்புள்ளைய லீடரா போட்டிருக்கீங்களாம். அது வேணாங்க. வேற யாரையாச்சும் போடுங்க" என்றார்.

பதுளை மலைப்பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் நாலாம் தரத்துக்குக் கற்பித்த காலம் அது. முந்தின நாள்தான் அவருடைய மகளை வகுப்புத் தலைவியாக்கியிருந்தேன். யாரையும் அதட்டாத பிள்ளை. ஆனால் நான் கரும்பலகையில் பிழையாக எழுதினால் எழுந்து நின்று சொல்லும். பெருமைப்பட வேண்டிய தாய் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"எங்கண்ணனும் இப்படித்தாங்க, முன்னுக்கு நின்னு பேசுவாரு" என்றார். லயத்து வரிசை வீடுகளின் கூரை ஒழுகியபோது, தோட்ட ஆபீஸில் போய்ப் பேசும்படி எல்லாரும் சேர்ந்து அவரை அனுப்பினார்களாம். பின்னாலேயே வருகிறோம் என்றார்களாம். "ஆபீஸ் வாசல்ல திரும்பிப் பாத்தா ஒருத்தருமில்லைங்க." அதன்பிறகு தோட்டத்தில் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. கொழும்பில் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனவர் ஊர்ப்பக்கம் திரும்பவேயில்லை.

"இது சின்னப் புள்ளைங்க விசயம்தானே" என்று ஆறுதல் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள் என்று கேட்டு அனுப்பிவைத்தேன்.

அன்று நான் தங்கியிருந்த ஹாலிஎலவுக்குத் திரும்பும் பஸ்ஸில் மனம் ஒரு நிலையில் இல்லை. தலைவருக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று பாடம் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மற்றப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன்? இத்தனை வருடம் கழித்து இப்போது நகரத்துப் பாடசாலையில் கற்பிக்கிறேன். மாணவத் தலைவர்களுக்குச் சின்னம் சூட்டும் நாளில் பெற்றோர் போட்டிபோட்டுப் படமெடுக்கிறார்கள். என் கண் மட்டும் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடமே போய்விடுகிறது.

அந்த அம்மா வந்துபோன மறுநாள், அவருடைய மகளைக் காட்டி வகுப்பில் கேட்டேன்: "இவ உங்களுக்காகப் பேசப் போனா, நீங்க எங்க நிப்பீங்க?"

"பின்னால, டீச்சர்" என்று வகுப்பே சொன்னது.

அந்தச் சொல்லைச் சோதிக்க நான் எதுவும் ஏற்பாடு செய்யவில்லை. சோதனை தானாகவே வந்தது. தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்று பாடசாலை அதிபர் கழிப்பறைக் குழாயைப் பூட்டிவைத்திருந்தார். அங்கே போக வேண்டிவருமே என்று பெண்பிள்ளைகள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். ஓர் இடைவேளையில் வகுப்புத் தலைவி எல்லாரையும் கூட்டிக்கொண்டு அதிபரின் அறைக்குப் போனாள். "பூட்டத் தொறந்து விடுங்க சேர். வீணாக்காம நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கள யாரு அனுப்புனது?"

வரிசை கடைசியிலிருந்து கரையத் தொடங்கியது. ஒவ்வொருவராக விறாந்தையோரம் நழுவினார்கள். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அங்கே போய்விட வேண்டும் என்று, விறாந்தைக் கோடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பதறியது. ஓட்டமும் நடையுமாகப் போய், நழுவாமல் மிஞ்சிய சிலரோடு நின்றேன். "யாரும் அனுப்பல சேர். நானும் இவங்ககூடத்தான் வந்திருக்கேன்" என்றேன். அதிபர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

சில நாளில் குழாய் திறந்தது. அதிபர் என்னோடு பேசுவது குறைந்துபோனது. வருட முடிவில் எனக்கு இடமாற்றம் வந்ததும் அதனால்தானா என்று இன்றுவரை தெரியாது. நழுவிய பிள்ளைகளை நான் ஏசவில்லை. அவர்களிடம் என்ன சொல்லியிருக்கலாம் என்று மட்டும் இன்னும் யோசிக்கிறேன்.

குழாய் திறந்த பிறகு, ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்த அம்மா வந்தார். "கடைசி வரைக்கும் எத்தன பேரு டீச்சர் நின்னாங்க?"

"நாலஞ்சு பேரு."

"நாலஞ்சு பேரா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அது கசப்பா ஆச்சரியமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு ரோட்டைப் பார்த்தபடி, "எங்கண்ணன் ஆபீசுக்குப் போன அன்னைக்கி நானும் போகலங்க. எம்மக அப்ப கைப்புள்ள. கதவச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்துட்டேன்" என்றார்.

வளைவில் பஸ்ஸின் சத்தம் கேட்டது.

"புள்ள லீடராவே இருக்கட்டுங்க" என்றார். "கூட நின்ன புள்ளைங்க யார் யாருன்னு மட்டும் சொல்லுங்க."

பெயர்களைச் சொன்னேன். ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே, தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் அந்தப் பிள்ளைகளின் லயத்துப் பக்கம் ஏறிப் போனார்.