பாறசாலையில் நான் பிடுங்கிய பலாக்கன்று

செத்துப்போன கூட்டாளியைப் பார்க்க இரண்டு மாதம் தாமதமாகப் போயிருக்கிறீர்களா? நான் போனேன்.

செல்லப்பனும் நானும் திருவனந்தபுரத்தில் ஒரே அறையில் இரண்டு வருஷம் பாய் விரித்தவர்கள். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது காய்ச்சலோடு ஊருக்குப் போனான். அவன் சாவுச் செய்தி அஞ்சலில் வந்தது. பரீட்சை முடிந்த பிறகும் நான் கிளம்பவில்லை. சாக்கு நிறையச் சொல்லலாம். உண்மை, பயம்தான்.

காலை ஏழு மணிக்கு நெய்யாற்றின்கரை பஸ். பன்னிரண்டு மைலுக்குக் கட்டணம் பத்துச் சக்கரக் காசு. இடுப்பு வலி இலவசம். அங்கிருந்து பாறசாலைக்கு ஏழு மைல், மாட்டுவண்டி.

"ஆரைக் காணப் போறிய தம்பி?" வண்டிக்காரர் கேட்டார்.

"செல்லப்பனை."

"அவன் போயாச்சே!"

"தெரியும். அவனைத்தான்."

மாட்டைத் தட்டினார்.

பன்னிரண்டரை மணி. மரச்சீனிக் கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மைல் நடந்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவு சாத்தியிருந்தது. பின்னால் தோப்பு. மதில் கிடையாது, கல் கிடையாது, பெயர் கிடையாது. அயினிமரமும் மாமரமும் அடர்ந்து நிற்க, நடுவில் புதுமண் மேடு ஒன்று. அவன்தான்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. நான் நாகர்கோவில்காரன். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வருஷாவருஷம் தாத்தா கல்லறையில் புல் பறித்துப் பழகிய கை. முட்டிபோட்டு மேட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். அரைமணி நேரத்தில் ஒரு பச்சை மிச்சமில்லை. முதல்முறையாக அவனுக்கு ஏதோ செய்துவிட்ட மாதிரி இருந்தது.

"எலே, என்னத்தைப் பறிச்ச?"

குடத்தோடு ஒரு பெண். செல்லப்பனின் அக்கா என்று முகமே சொன்னது.

"களைதான் அக்கா."

குடத்தைக் கீழே வைத்துவிட்டு நான் பறித்த குவியலைக் கிளறினாள். மூன்று இலை, அடியில் கொட்டை ஒட்டிய ஒரு கன்றை எடுத்தாள். பலா.

"காலேஜில இதாக்கும் படிப்பு? பிலாவுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

நான் கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்தேன்.

"எங்களுக்குக் கல்லும் பேரும் ஒண்ணும் கிடையாது, குழிமேல மரந்தான். அந்தா நிக்க அயினி எங்க அப்பன். இந்த மாமரம் சித்தி. பதினாறாம் நாளு அம்மை இதை நட்டா. இது முளைச்ச பொறவுதான் அவ வாயில சோறே வச்சா, தெரியுமா? சந்தைக்குப் போயிருக்கா. இப்பம் வருவா."

இருவரும் குழி தோண்டி மறுபடி நட்டோம். பாதி வேர் அறுந்திருந்தது.

"அம்மைட்ட சொல்லாண்டாம். பட்டுப்போனா வெயிலுன்னு சொல்லிருவோம்" என்றாள்.

நாலு மணிக்குச் செல்லப்பனின் அம்மா சந்தையிலிருந்து கடவப்பெட்டியோடு வந்தார். கன்று தலை தொங்கி நின்றது. சொல்லாமல் தப்பித்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீயாக்கும் அவனுக்க கூட இருந்த பய?"

"ஆமாம்மா."

"அப்பம் போவண்டாம். நின்னு தண்ணி விடு."

அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை.

கிணறு நாற்பது அடி தூரம். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம். வெயிலுக்குத் தென்னோலை மறைப்பு. அக்கா வயல் வேலைக்குப் போய்விடுவாள். அம்மா வருவார், கன்றைப் பார்ப்பார், திரும்பிப் போவார். பகல் முழுக்க நானும் அந்த மேடும்தான். அறையில் இவன் வாயை மூடவைக்க நான் தலையணையை வீசியிருக்கிறேன். இங்கே இலை விழும் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறேன்.

நாகர்கோவிலில் தாத்தாவுக்கு நல்ல கல், செதுக்கிய பெயர், மேலே சிலுவை. வருஷத்துக்கு ஒரு நாள் போனால் போதும். மீதி நாள் அவரை நான் நினைத்ததே இல்லை. கல்லுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை அல்லவா?

இன்றோடு ஆறு நாள். அம்மா கஞ்சித்தண்ணீர் மட்டும் குடிக்கிறார். கன்றில் இரண்டு இலை உதிர்ந்துவிட்டது, ஒன்று நிற்கிறது.