அப்பா இறங்கிய தொட்டி

கஜா புயல் ஐப்பசிக் கடைசியில் அடித்தது. கீரமங்கலத்தில் எங்கள் தென்னந்தோப்பு ஒரே இரவில் சாய்ந்தது. மார்கழி பிறந்தும் அப்பா எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. விடிந்த பிறகும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தோப்போடு தாங்களும் போய்விட்ட யார் யாரையோ பற்றிப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். மூன்றாம் வகுப்புப் படித்த என்னைக் கண்டால் நிறுத்திவிடுவார்கள்.

ஆம்புலன்ஸில் வேலை பார்த்த அம்மாவின் தம்பி அப்பாவை டாக்டரிடம் காட்டினார். இருதயம் நன்றாக இருப்பதைப் பார்த்த பிறகு, மாத்திரையோடு காலையில் கொஞ்ச நேரம் குளிர்ந்த தண்ணீரில் நிற்கட்டும் என்றாராம் டாக்டர். உடம்பு விழித்தால் மனசும் கொஞ்சம் விழிக்குமாம்.

போர்வெல் தண்ணீர் விடியலில் வெதுவெதுப்பாக வரும். அதனால் அம்மா முதல் நாள் சாயங்காலமே தோப்பிலிருந்த பம்புசெட் தொட்டியை நிரப்பிப் பனியில் ஆறவிடுவாள்.

"எருமைகூட இந்நேரம் எந்திரிச்சிருச்சு மச்சான்" என்பார் மாமா.

"அதுக்கென்ன மாப்ள, அதுக்குத் தோப்பா போச்சு?"

மாமா விதிகள் சொல்லியிருந்தார்: குதிக்கக் கூடாது, முதலில் பாதம், பிறகு இடுப்பு, பிறகு நெஞ்சு. தலையை முக்கக் கூடாது. மூச்சு வாங்குவது அடங்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். நடுக்கம் வருமுன் ஏறித் துவட்டிக்கொள்ள வேண்டும். தனியாக மட்டும் இறங்கவே கூடாது.

இந்தக் கடைசி விதியில் அம்மா காட்டிய பிடிவாதம் எனக்கு வேடிக்கையாக இருக்கும். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, நேற்று என்ன குழம்பு என்பதுவரை அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"நீ போயி அடுப்பப் பாரு, நான் வாரேன்."

"அடுப்பு எங்கயும் ஓடிறாதுங்க."

தை மாதம் ஒரு விடியலில், அம்மா அப்பாவைக் கூப்பிட்டு அலறும் சத்தத்தில் விழித்தேன். அப்பாவின் பாய் காலியாக இருந்தது. அம்மா செருப்பில்லாமல் தோப்புக்கு ஓடினாள்; நானும் ஓடினேன். அப்பா தொட்டியில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒன்னையக் கொஞ்சம் தூங்கவிடலாம்னு பாத்தேன்" என்று சிரித்தார். புயலுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. அவர் ஏறியதும் துண்டைப் போர்த்திவிட்டாள். பிறகு தொட்டியின் அடித் துவாரத்தில் அடைத்திருந்த சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தண்ணீரெல்லாம் சாய்ந்து கிடந்த மரங்களுக்கடியில் ஓடியது.

"இல்லடி... அதுக்கு வரலடி" என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்பா தானாக எழுந்து வந்த நாளில் எதற்கு இந்த அழுகை, எதற்கு ஒரு தொட்டித் தண்ணீரை வீணாக்க வேண்டும் என்று எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது.