தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஒரு குழாய் ரத்தத்துடன்

போன வெள்ளிக்கிழமை தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய் வந்தேன். சுமார் பதினாறு கிலோமீட்டர். என் மகளுக்கு ஒன்பது வயது, ரத்தப் புற்றுநோய். கீமோவுக்குப் பிறகு ஆறு நாளாகக் காய்ச்சல், ஸ்கேனில் நுரையீரலில் ஒரு புள்ளி. பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், எந்த வகை என்று தெரிய ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றார் டாக்டர். கிண்டியில் ஓர் ஆய்வகத்தில் வாரம் இருமுறைதான் செய்கிறார்கள். பகல் பன்னிரண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

மருத்துவமனை ஆளே கொண்டுபோவார். ஆனால் போன மாதம் அவள் ரத்தம் இருந்த குழாயைத் தொலைத்து, குழந்தையை மறுபடி குத்த வைத்தவர் அவர். நான் மறக்கிறவன் இல்லை. சேலையூரில் கார் வைத்திருக்கும் தம்பியைக் கேட்டேன், மீட்டிங் என்றான். அதையும் மறக்கமாட்டேன்.

"இந்த ஜெல் பேக் போதும் சார், ஐஸ் வைக்காதீங்க" என்றார் நர்ஸ். இருபத்திரண்டு வயது இருக்கும். இவருக்கு என்ன தெரியும் என்று, வாசல் ஜூஸ் கடையில் பத்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கிக் குழாயை அதில் புதைத்தேன்.

10.20க்கு ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, பதினைந்து ரூபாய். பை ஒழுகியது.

"இன்னா சார், மீனா? ஸீட்டு நாறிடப் போவுது" என்றார் ஓட்டுநர். பக்கத்திலிருந்த அம்மா சிரித்தார்.

"ரத்தம்" என்றேன். அவர் புடவையை ஒதுக்கிக்கொண்டார்.

10.50 மின்ரயில், ஐந்து ரூபாய். 11.35க்கு ஆய்வகத்தில் இருந்தேன், ஜெயித்துவிட்ட நினைப்பு.

குழாயை வாங்கி உள்ளே போன ஆய்வகப் பெண் பத்து நிமிடத்தில் அதோடு திரும்பி வந்தார். ரத்தத்தைச் சுழற்றியதும் மேலே தெளிந்து நிற்கும் நீர் மஞ்சளாக இருக்க வேண்டும், சிவப்பாக இருந்தது.

"ஐஸ்ல வெச்சீங்களா சார்? செல்லெல்லாம் உடைஞ்சிருச்சு. வேற எடுத்துட்டு வாங்க."

டாக்டர் திட்டவில்லை. "ரத்தம் எடுத்த கையோட பூஞ்சைக்கு மருந்து ஆரம்பிச்சிட்டோமே சார். இனிமே எடுத்தா, இல்லைன்னு வந்தாலும் நம்ப முடியாது. எந்தப் பூஞ்சைன்னு தெரிஞ்சிருந்தா லேசான மருந்துக்கு மாத்தியிருக்கலாம். இப்ப இதையேதான் குடுக்கணும்."

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: 10.50 வண்டி போதும். நிலையத்திலிருந்து ஆய்வகம் பதினைந்து நிமிட நடை. ஐஸ் கட்டி குழாயைத் தொடக்கூடாது. மருந்து எப்போது தொடங்குகிறது, மறுபடி ரத்தம் எடுக்க வழி உண்டா என்று புறப்படுமுன் கேளுங்கள். சொல்கிறவரின் வயதைப் பார்க்காதீர்கள்.

மருந்து தினமும் நான்கு மணி நேரம் ஏறுகிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று கையெழுத்து வாங்கினார்கள். நேற்று இரண்டு போர்வைக்குள்ளும் அவளுக்குப் பல் கிட்டியது.

"அப்பா, இன்னும் எத்தன நாளைக்கு இது?"

தெரியாது என்றேன். வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்க வேண்டியது.