உப்புத்தாள் வாரம்

இன்று தச்சர் எங்கள் கதவைத் தேய்த்தபோது எழுந்த மரத்தூள் வாசனை, நாங்கள் முன்பு குடியிருந்த, இப்போது இடித்துவிட்ட ஆவடி குவார்ட்டர்ஸ் வரிசைக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. அங்கே இருந்தபோது, பழைய சாமான் கடையில் அக்கா மலிவாக வாங்கிய, தோல் கிழிந்த டிரம்மின் மரக்கூட்டில் வெடித்திருந்த சிவப்பு பிளாஸ்டிக் உறையை நானும் அவளும் உரித்தோம். உடனே புதுத் தோல் மாட்டி அடிக்க எங்களுக்குக் கை பரபரத்தது. ஆனால் பக்கத்து வீட்டு மணி மாமாவுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். அவர் வாசல் கதவில் துண்டு தொங்கினால், மாமா தூங்குகிறார் என்று பகலில் யாரும் உரலில்கூட இடிக்க மாட்டார்கள். அடிக்க முடியாத ஆத்திரத்தில் நாங்கள் கூட்டை உப்புத்தாளால் தேய்த்தோம். முரட்டுத் தாள் தேய்ந்து மெல்லிய தாளுக்கு மாறி, தினமும் துண்டைப் பார்த்துச் சலித்துக்கொண்டே தேய்த்ததில், மரம் குழந்தையின் கன்னம்போல வழவழத்தது. பிறகு வார்னிஷ் பூசினோம், தோல் மாட்டினோம்.

நைட் ஷிப்ட் முடிந்து துண்டு இறங்கிய அன்று மாமாவே வந்தார். "இன்னாம்மா, எனக்காவ அடிக்காம கீறீங்களாமே? இப்ப அடிங்க."

அக்கா அடித்தாள். மாமா பொறுமையாகக் கேட்டு, கூட்டைத் தடவிப் பார்த்தார்.

"அடிக்கிறது சுமார்தாம்மா. ஆனா இன்னா பளபளப்பு!"

டிரம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பளபளப்பு முழுவதும் மாமா தூங்கிய தூக்கம்.