அப்பாவின் காரில் காபனீரொட்சைட்டு சைபர்!

இன்றைக்குப் புகைப் பரிசோதனைக்குப் போன இடத்தில்...

(எல்லோரும் படுத்துவிட்டார்கள். போர்வைக்குள் இருந்து அம்மாவின் போனில் எழுதுகிறேன். வெளிச்சம் வெளியே தெரிந்தால் நான் தொலைந்தேன்!)

"உந்தக் கதை வெளியிலை போகக்கூடாது" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. அப்பாவைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்!

அப்பா சண்டிலிப்பாயில் ஹயர் ஓடுகிறார், அதாவது வாடகைக் கார். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இடையில் கலியாணவீடு, ஆஸ்பத்திரி. எங்கள் கார் எனக்கு அக்கா முறை. (என்னைவிட மூத்தது. என்னைவிட அதிகமாகக் குளிப்பது!)

புகைப் பரிசோதனையில் தேறினால்தான் வாகன வரிப் பத்திரம் கிடைக்கும். அது இல்லாமல் ஹயர் ஓட முடியாது. இந்த வருடம் காருக்குப் புகை கூடிவிட்டது.

போன கிழமை குசினிக்குள் அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது.

"பாஸ் ஆகாட்டில் காரை வித்துப்போட்டு கட்டாருக்கு வேலைக்குப் போறதுதான். சினேகிதன் விசா எடுத்துத் தாறானாம்."

அம்மா களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தார்.

அன்று தொடங்கிய பயம்!

அப்பா பின்னேரங்களில் காபறேற்றரைக் கழற்றிக் கழுவினார். நான் ரோச் லைற் பிடித்தேன். இன்று காலை அம்மா சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து அனுப்பினார். நானும் ஏறிக்கொண்டேன்.

பரிசோதித்தவர் ஓர் அக்கா. நீண்ட குழாயின் நுனியில் இருந்த கம்பியைப் பின்பக்கச் சைலன்சருக்குள் விட்டார். திரையைப் பார்த்தார்.

காபனீரொட்சைட்டு (CO₂): சைபர்.

அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டும்!

"பாத்தியே பிள்ளை! எங்கடை கார் மூச்சுக்கூட விடேல்லை!"

நான் கைதட்டியே விட்டேன். (விஞ்ஞானத்தில் எனக்கு நல்ல புள்ளி. இனி யாரும் நம்பப்போவதில்லை!)

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணை, கார் ஸ்ராட்டிலைதானே நிக்குது?"

"ஓம் தங்கச்சி, சத்தம் கேக்கேல்லையே?"

"பெற்றோல் எரிஞ்சால் காபனீரொட்சைட்டு வரத்தானே வேணும். சைபர் எண்டால் ஒண்டில் எஞ்சின் நிக்குது, இல்லாட்டில் நான் பிழையான இடத்திலை பிடிக்கிறன்."

அவர் குனிந்தார். நானும் குனிந்தேன்.

கம்பி விட்டிருந்த அந்தச் சைலன்சர் எஞ்சினோடு சேரவே இல்லை!

கனடாவில் இருக்கும் சித்தப்பா பார்சலில் சொக்லேற்றோடு பளபளவென்று ஒரு சைலன்சர் நுனியும் அனுப்பியிருந்தார். எங்கள் காரின் குழாய்க்கு அது பொருந்தவில்லை. கனடாவிலிருந்து வந்த சாமானைச் சும்மா வைக்க மனம் வருமா? அப்பா அதைப் பம்பருக்குக் கீழே தனியாகப் பூட்டிவிட்டார். உண்மையான குழாய் மற்றப் பக்கத்தில் கறுத்துப்போய் ஒளிந்திருந்தது.

"அப்ப உது என்னத்துக்கு அண்ணை?"

"உது... வடிவுக்கு."

வரிசையில் நின்ற வான்காரர் விடுவாரா? "கனடாச் சைலன்சர் எண்டால் புகை கனடாவிலைதான் வருமாக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் கம்பி உண்மையான குழாய்க்குள் போனதும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் காரின் போனற்றில் கையை வைத்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"காபனீரொட்சைட்டு நல்லா ஏறுது" என்றார் அக்கா.

"ஐயோ!" என்றேன்.

"அது ஏறினால் நல்லதம்மா, பெற்றோல் வடிவா எரியுது. மற்ற நச்சு வாயுதான் கூடக்கூடாது. காபனோரொட்சைட்டு." திரையை இன்னொரு முறை பார்த்தார். "அது குறைவாத்தான் இருக்கு. பாஸ் அண்ணை."

அப்பா மூக்கை உறிஞ்சினார். (புகையாம்!)

திரும்பி வரும்போது முன்சீற்றில் இருந்து மெதுவாகக் கேட்டேன். "அப்பா, அப்ப கட்டார்?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஆர் உனக்குச் சொன்னது?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். கார் சந்தியைத் தாண்டியது.

"நான் போனால் உன்னை ஆர் ரியூசனுக்கு ஏத்தி இறக்கிறது? விசர்க்கதை கதையாமல் இரு."

அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. இதைப் படிப்பாரோ, அதுவும் தெரியாது.

அக்கா, நீங்கள் இன்றைக்கு எத்தனையோ கார்களுக்கு "பாஸ்" சொல்லியிருப்பீர்கள். எங்கள் காருக்குச் சொன்னதால் எங்கள் வீட்டில் ஓர் ஆள் குறையவில்லை.

நன்றி.