கரோலின் கூடைமேல் ஏறிய காலை

ராயபுரம் கரோலினுக்கு முப்பத்திரண்டு வயது. அதில் ஒன்பது வருடம் டேட்டா எஞ்சினியர். ஒரு கம்பெனியின் பில், ஸ்டாக், விற்பனை என்று சிதறிக் கிடக்கும் விவரங்களைத் திரட்டி, சுத்தம் செய்து, ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது வேலை. வாயைத் திறக்கத் தேவையில்லை என்பதால் அந்த வேலை அவளுக்கு உயிர்.

போன ஆகஸ்டில் அந்தச் சுகம் போயிற்று.

"நீ எழுதுற புரோகிராமை இப்போ மெஷினே எழுதுது கரோலின். இனிமே கஸ்டமர்கிட்ட பேசத் தெரிஞ்சவங்கதான் வேணும்" என்றாள் மேனேஜர் நர்மதா. "மூணு மாசத்துல ஒரு கஸ்டமரைப் பிடி. இல்லேன்னா உன்னை என்னால காப்பாத்த முடியாது."

கிடைத்தவர் காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி நடத்தும் ஜெயவேல். இரண்டு வருட விற்பனை விவரத்தை நம்பிக் கொடுத்திருந்தார். ஆபீசில் மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம். கோட்டு மாட்டிக்கொண்டு, திரையில் காட்ட நாற்பது ஸ்லைடு படங்களோடு, கரோலின் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். ஐந்தாவது படத்தில் ஜெயவேல் குறட்டை விட்டார். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்த உடம்பு. சாப்பாடு போட்டு ஏ.சி.யில் உட்கார வைத்தால் வேறென்ன செய்யும்? காசிமேட்டு மீனைத் தின்று வளர்ந்தவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்! விழித்ததும், "நல்லா கீதும்மா" என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமலே அவர் கிளம்பிவிட்டார்.

கெடுவுக்கு ஒரு நாள் பாக்கி. காலை ஐந்தரைக்குக் கரோலின் அதே கோட்டோடு, ஜெயவேலைத் தேடி மீன்பிடித் துறைமுகத்தில் நின்றாள். ஏலக் கூச்சல், வண்டி ஹாரன், எல்லாவற்றுக்கும் மேலே, ‘பார்’ என்கிற பெரிய ஐஸ் கட்டிகளை உடைக்கும் மெஷின். "அண்ணா" என்றாள். அது அவள் காதுக்கே கேட்கவில்லை.

மீன் விற்கும் செங்கொடிக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மே, பூனக்குட்டி மாரி கத்திகினு கீற? ஏறிக் கூவு!" என்று காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள்.

கரோலின் ஏறினாள்.

"ஜெயவேலண்ணா! செவ்வாக்கெழமைன்னா உன் ஐஸ் அறுவது பார் கரைஞ்சு சாக்கடைக்குப் போவுது! சனிக்கெழமைன்னா எம்பது பார் பத்தாம வாங்குறவங்க பக்கத்து ஃபேக்டரிக்கு ஓட்றாங்க!"

யாரோ மெஷினை நிறுத்தினார்கள். அவள் நிறுத்தவில்லை. மழை வாரத்தில் எவ்வளவு, கிறிஸ்துமஸ் வாரத்தில் எவ்வளவு என்று ஒன்பது வருடப் பேச்சையும் அன்றைக்கே பேசினாள். கூட்டம் சேர்ந்தது. பக்கத்து ஃபேக்டரிக்காரர் போனை எடுத்துப் பதிவு செய்தார்.

"அப்டியே எனக்கும் சொல்லும்மே, நாளைக்கு எத்தினி கூடை எடுக்கலாம்?" என்றாள் செங்கொடி.

ஜெயவேல் தூக்கம் தொலைந்த கண்ணோடு ஓடிவந்தார். "ஏய், எறங்கு! என் தொழில் ரகசியத்த ஊருக்கே ஏலம் வுட்டுகினு கீற!"

"கையெழுத்து போட்றியாண்ணா?"

"போட்றேன், போட்றேன். வாயை மூடிகினு எறங்கு தாயே!"

ஐஸ் பார்மேலேயே ஒப்பந்தக் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டார். காகிதம் நனைந்தது, கையெழுத்து பிழைத்தது. கஸ்டமர் ரகசியத்தைக் கூவியது தப்புதான். அதை அவள் ஆபீசில் சொல்லவில்லை.

கோட்டில் ஒட்டியிருந்த மீன் செதிலைப் பார்த்தபடி நர்மதா கேட்டாள்: "எப்படிடி பேசினே?"

"கொஞ்சம் சத்தமா, மேடம்."