பிரேக் அக்காவின் வலது கால்

அவளுக்கு அம்மா அப்பா ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பதினாலு வருஷமாக எல்லோருக்கும் அவள் பிரேக் அக்காதான். டிரைவிங் ஸ்கூலின் சின்னக் காரில், கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு "பிரேக்! பிரேக்!" என்று தொண்டை கிழியக் கத்துவது அவள் தொழில். அந்தப் பக்கமும் காலடியில் ஒரு பிரேக் பெடல் உண்டு. வாய் கத்தும்போதே வலது கால் அதை மிதித்துவிடும். இரண்டு பெடலையும் ஒரு கம்பி இணைத்திருப்பதால், இவள் மிதித்தால் அந்தப் பக்கத்துப் பெடலும் தானாக இறங்கும். அந்தக் கால் எங்கேயும் சும்மா இருந்ததில்லை. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். டிவியில் கார் துரத்தல் வந்தால் கணவர் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்வார்.

அந்தக் காரில் நாய்படாத பாடு படுவது எஞ்சின் என்று நினைத்தால் தப்பு. பின்விளக்குகள்தான். புதிதாக ஓட்டுகிறவர்கள் காக்கை குறுக்கே பறந்தாலும் பிரேக் போடுவார்கள், பல்பு சீக்கிரம் உயிரை விடும். ரிவர்ஸ் எடுத்தால் நேரே சுவருக்குப் போவார்கள், சிவப்பு மூடி நொறுங்கும். மைதானத்துச் சுவரோரம் கூட்டினால் சிவப்புச் சில்லு ஒரு கூடை தேறும். இதற்கெல்லாம் மெக்கானிக்கிடம் போய் நிற்க அக்காவுக்குப் பொறுமை கிடையாது. ஒரு பிஸ்கட் டப்பாவில் பழந்துணி சுற்றிய பல்புகளும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் எப்போதும் காரில் இருக்கும். இரண்டு திருகைக் கழற்றி, மூடியை எடுத்து, பல்பை அழுத்தித் திருப்பினால் கையோடு வந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை.

அன்று காலை அந்த ஐந்து நிமிஷம் நாற்பது நிமிஷமாகிவிட்டது. பதினோரு மணிக்கு நூலகக்காரிக்கு டிரைவிங் டெஸ்ட். ஒன்பது வருஷமாக நூலகத்தில் புத்தகம் தூசி தட்டுகிறவள் அவள். தெருத்தெருவாகப் புத்தகம் கொண்டுபோக அங்கே புது வேன் வந்திருக்கிறது. இன்றைக்குள் டெஸ்டில் பாஸான காகிதத்தைக் காட்டினால் வேன் அவளுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. மூன்று தடவை டெஸ்டில் தோற்றிருக்கிறாள். மூன்று தடவையும் ஒரே காரணம், கோட்டில் நிறுத்தவில்லை. பயிற்சியில் கோட்டின் மேல் கனகச்சிதமாக நிறுத்துகிறவள்! இன்ஸ்பெக்டரைக் கண்டால் பயம், அவ்வளவுதான் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் அதே நூலகக்காரி ரிவர்ஸில் ஒரு பக்க விளக்கைச் சுவரில் சாத்தியிருந்தாள். விளக்கு எரியாத காரை இன்ஸ்பெக்டர் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

புது மூடி, புது பல்பு போட்டாயிற்று. எப்போதும் அக்கா தன் சீட்டிலிருந்தே மிதித்து, பின்னாலிருக்கும் சுவரில் சிவப்பு விழுகிறதா என்று கண்ணாடியில் பார்ப்பாள். அன்று வெயில் சுவரெல்லாம் அடித்தது, ஒன்றும் தெரியவில்லை. நூலகக்காரியை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்துவிட்டுக் காருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"பிரேக்!"

எரியவில்லை. மாற்றாத பக்கம்கூட எரியவில்லை! பல்பைக் கழற்றினாள், ஹோல்டரைத் துணியால் துடைத்தாள், வேறு பல்பைப் போட்டாள். "பிரேக்!" இல்லை. ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. மணி பத்து இருபது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது.

"பிரேக்கு! பிரேக்குன்னு சொல்றேன்ல!" என்று கத்தியவள், தன் காலைக் கவனித்தாள். வலது கால் புழுதித் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது.

மெதுவாக முன்னால் வந்து ஜன்னலில் குனிந்தாள். நூலகக்காரியின் கால் ஒழுங்காகப் பெடல் மேல் இருந்தது. ஆனால் பெடல் இறங்கவே இல்லை.

"ஏம்மா, மிதிச்சியா நீ?"

"காலை வச்சிருக்கேன்க்கா. அது இன்னும் இறங்கல."

"அது எப்படி இறங்கும்?"

"நீங்க கத்தினதும் தானா இறங்கும்லக்கா?"

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. ஆறு மாதமாக இந்தப் பெண் ஒரு தடவைகூடப் பிரேக் பிடித்ததில்லை. பிடித்ததெல்லாம் இவள். டெஸ்ட் அன்று பக்கத்தில் இன்ஸ்பெக்டர் காலை மடக்கிக்கொண்டு சிவனே என்று இருப்பார், பெடல் எங்கிருந்து இறங்கும்? ஒரு பாவமும் அறியாத பல்பைப் போய்க் கழற்றிக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. கூடவே, விஷயம் பிடிபட்ட சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"மூணு தடவையும் ஃபெயிலானது நீ இல்லடி, நான்! மிதி, உன் காலால மிதி!"

சிவப்பு பளீரென்று வந்தது, இரண்டு பக்கமும்.

"இப்ப நீ தனியா ஓட்டு. மெதுவா. நான் பின்னாடி நடந்து வரேன், வாயே திறக்க மாட்டேன்."

கால் மணி நேரம் மைதானத்தைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள். முதல் இரண்டு சுற்றில் விளக்கு தாமதமாக வந்தது, கார் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நடந்தாள். ஏழாவது சுற்றில் கோட்டுக்கு முன்னாலேயே சிவப்பு வந்தது. எட்டாவதிலும் வந்தது.

டெஸ்டின்போது அக்கா லைசென்ஸ் ஆபீஸ் வேலியோரம் நின்றாள். வலது காலை நம்ப முடியாமல், அதை இடது காலில் பின்னிக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தாள். கார் திரும்பியது. பின்பக்கம் தெரிந்தது. கோடு நெருங்குகிறது, இன்னும் நெருங்குகிறது, விளக்கு வரவில்லையே! "பி" என்று வாய் ஆரம்பித்தே விட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சிவப்பு. ஜோடியாக, பட்டப்பகலில் அத்தனை பிரகாசமாக. கார் கோட்டின் மேல் நின்றது.

நூலகக்காரி காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அக்கா, கோட்டுல நின்னுச்சுக்கா! நீங்களா மிதிச்சீங்க?"

"நான் எங்கடி மிதிச்சேன்? நான் இங்கல்ல நிக்கிறேன்!"